ஈகோவும் தன்மேல் சந்தேகமும்: இசை கற்றுக்கொடுப்பவர்களும் இசை செய்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் இசை கற்றுக்கொடுக்கிறேன், அவ்வப்போது மெட்டும் போடுகிறேன். மாணவர்களும் சக ஆசிரியர்களும் என்னிடம் சுற்றிச் சுற்றி வந்து கேட்பது பெரும்பாலும் விரலைப் பற்றியோ குரலைப் பற்றியோ இருப்பதில்லை. “எனக்கு இதெல்லாம் வருமா”, “நான் கற்றுக்கொடுக்கலாமா”, “அவன் என்னைத் தாண்டிப் போய்விட்டானே”, இப்படித்தான் இருக்கிறது. தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன்.

ஈகோவும் தன்மேல் சந்தேகமும் எதிரெதிரானவை இல்லையா? எனக்கு இரண்டுமே இருக்கிறதே?

வெளியே இருந்து பார்த்தால் எதிரெதிராகத்தான் தெரியும். ஒருவர் “என்னை மாதிரி யாரால் வாசிக்க முடியும்” என்கிறார், இன்னொருவர் “என்னால் எங்கே முடியும்” என்கிறார். இருவரையும், வாசித்து முடித்த அந்த நிமிடத்திலேயே, “மூன்றாவது வரியில் தாளம் கொஞ்சம் முந்தியதே, கவனித்தீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இருவருக்குமே தெரிந்திருக்காது. வாசித்த நேரம் முழுக்க ஒருவர் தன்னை ரசித்துக்கொண்டிருந்தார், மற்றவர் தன்னை நினைத்துப் பயந்துகொண்டிருந்தார். சத்தத்தைக் கேட்க யாருக்கும் காது மிச்சமில்லை. அதனால் ஒரே ஆளிடம் இரண்டும் மாறி மாறி வருவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பாராட்டு கிடைத்த அன்று தலை நிற்காது, மறுநாள் ஒரு ஸ்வரம் விலகினால் எல்லாமே போய்விட்டது போல இருக்கும்.

என் மேல் எனக்கு நம்பிக்கையே வருவதில்லை. திறமை இல்லை என்பதற்கு அதுதான் அடையாளமா?

இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயார்.

நன்றாகச் செய்கிறவர்களுக்குத்தான் இந்த உணர்வு அதிகம் என்றுகூட சில நேரம் தோன்றும். 1978ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். படிப்பிலும் வேலையிலும் நிஜமாகவே சாதித்த பெண்கள், “நான் தகுதியில்லாமல் எப்படியோ இங்கே வந்துவிட்டேன், என்றாவது ஒருநாள் மாட்டிக்கொள்வேன்” என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்ததைப் பற்றியது அது. சாதனை கூடக் கூட அந்த நம்பிக்கை தானாகக் கரைந்துவிடவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு சாக்கு தயாராக இருந்தது: அதிர்ஷ்டம், யாரோ கருணை காட்டினார்கள், இந்த முறை எளிதாக அமைந்துவிட்டது. இசைக்காரர்களிடம் இதை நான் தினமும் பார்க்கிறேன். நன்றாகப் பாடிவிட்டு இறங்கியதும் “இன்றைக்கு மைக் நன்றாக இருந்தது” என்பார்கள். சரியில்லாத அன்றைக்கு மட்டும் மைக்கைக் குறை சொல்வதில்லை, தங்களைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். கணக்கு ஒரு பக்கமாகவே எழுதப்படுகிறது என்பதைக் கவனியுங்கள்.

உங்களுக்குத் திறமை இருக்கிறதா இல்லையா என்பது அந்த உணர்வில் எழுதியிருக்காது. ஆறு மாதத்துக்கு முன் வராத ஒன்று இன்று வருகிறதா என்று பாருங்கள், அது போதும்.

அப்படியென்றால் சந்தேகமே படக்கூடாதா?

சந்தேகப்படாமல் இசை செய்யவே முடியாது. சுருதி சேர்க்கிறீர்களே, அதுவே ஒரு சந்தேகம்தான்: சேர்ந்துவிட்டதா, இன்னும் கொஞ்சம் ஏற்றணுமா? அந்தக் கேள்வியைக் கேட்காதவர் சுருதி சேராமலே பாடிவிட்டுப் போவார். சந்தேகம் எதன் மேல் விழுகிறது என்பதுதான் விஷயம். “இந்த இடத்தில் மூச்சு போதவில்லையோ”, “இந்தத் திருப்பம் முன் வரியோடு ஒட்டவில்லையே” என்பது இசையின் மேல் விழுந்த சந்தேகம். அதற்கு முகவரி இருக்கிறது, அங்கே போய் வேலை செய்யலாம், செய்தால் தீரும். “நான் லாயக்கில்லையோ” என்பதற்கு முகவரி இல்லை. அதை எத்தனை மணி நேரம் சாதகம் செய்து தீர்ப்பீர்கள்?

அதனால் என்னிடம் யாராவது வந்து “எனக்கு வரவே மாட்டேன் என்கிறது” என்றால் நான் ஆறுதல் சொல்ல ஆரம்பிப்பதில்லை, “எந்த இடம்?” என்றுதான் கேட்பேன். முதலில் கொஞ்சம் கோபம்கூட வரும் அவர்களுக்கு, இவ்வளவு பெரிய துயரத்தைச் சொல்கிறேன், இவர் இடம் கேட்கிறாரே என்று. நான்கைந்து முறை கேட்ட பிறகு “இரண்டாவது வரியின் கடைசியில், மேலே ஏறும்போது” என்று வரும். அப்புறம் நமக்கு வேலை இருக்கிறது.

தனியாக இருக்கும்போது நன்றாக வருகிறது. நான்கு பேர் முன்னால் கை நடுங்குகிறது, நாக்கு வறண்டுவிடுகிறது. ஏன்?

ஆபத்து என்று உடல் முடிவு செய்தால் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தம் பெரிய தசைகளுக்குத் திருப்பிவிடப்படும், அதனால் விரல் நுனி சில்லிடும், எச்சில் குறையும், மூச்சு நெஞ்சின் மேல்பகுதியிலேயே நின்றுவிடும். ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ இது சரியான ஏற்பாடு. நுணுக்கமாக விரல் அசைப்பதற்கும் நீளமாக ஒரு ஸ்வரத்தைப் பிடிப்பதற்கும் நேர் எதிரான ஏற்பாடு. உங்கள் மனது பலவீனமானது என்பதற்கு இதில் சான்று எதுவும் இல்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பல நூறு முறை பழகிய ஒரு அசைவு தானாக ஓடும். நாம் உள்ளே புகுந்து “இப்போது மோதிர விரல், இப்போது கட்டை விரல்” என்று மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தால் குலைந்துவிடும். படியில் இறங்கும்போது ஒவ்வொரு காலையும் யோசித்து வைத்துப் பாருங்கள், தடுக்கும். பிறர் பார்க்கிறார்கள் என்ற பயம் வந்ததும் நாம் செய்வது சரியாக அந்த மேற்பார்வையைத்தான்.

பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசண்ட் 1967ல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில், பெருங்கூட்டத்தின் முன்னால் பாடும்போது வரிகளை மறந்தார். அதற்குப் பிறகு ஏறத்தாழ 27 ஆண்டுகள் கட்டணக் கச்சேரிகளைப் பெரும்பாலும் தவிர்த்தார். பியானோ மேதை விளாதிமிர் ஹொரோவிட்ஸ் 1953லிருந்து 1965 வரை மேடைப் பக்கமே வரவில்லை. இவர்களுக்குத் திறமை இல்லை என்று யாராவது சொல்வார்களா?

செய்யக்கூடியது: பாதுகாப்பான சிறிய கூட்டத்தில் அடிக்கடி வாசிப்பது. ஒருவர் முன்னால், பிறகு மூவர், பிறகு பத்துப் பேர். ஓடிவிட்டு வந்து, இதயம் அடித்துக்கொள்ளும்போதே உட்கார்ந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள், அந்த உடல்நிலை புதிதாக இருக்காது. தொடங்கும்முன் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே நீளமாக விடுங்கள். பயத்தில் எல்லாருமே வேகமாகத் தொடங்கிவிடுவார்கள், ஆகவே முதல் வரியை மனதுக்குள் ஒருமுறை நிதானமாகப் பாடிவிட்டு அதே நடையில் எடுங்கள். வாசிக்கும்போது கவனத்தைக் கையில் வைக்காமல் அடுத்து வரப்போகும் சத்தத்தில் வையுங்கள். இத்தனையும் செய்த பிறகும் நடுக்கம் கொஞ்சம் இருக்கும். அது இருக்கட்டும், அதோடும் வாசிக்கலாம்.

என் குரலைப் பதிவில் கேட்டால் எனக்கே பிடிக்கவில்லை. இவ்வளவு மோசமா?

பாடும்போது உங்கள் குரல் உங்களுக்குக் காற்று வழியாக மட்டும் வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் உள்காதை அடைகிறது. எலும்பு வழி வருவதில் கீழ் அதிர்வுகள் தூக்கலாக இருக்கும், அதனால் உங்களுக்கு உங்கள் குரல் கனமாகக் கேட்கும். பதிவில் அந்தப் பங்கு இல்லாததால் மெலிந்த, அந்நியமான ஒரு குரல். மற்ற எல்லாரும் உங்களைக் கேட்பது ஏறக்குறைய அந்தக் குரலில்தான், அவர்களுக்குப் பழகிப்போய்விட்டது. நீங்களும் தினமும் இரண்டு நிமிடம் கேட்டால் சில வாரங்களில் பழகிவிடும். பழகிய பிறகுதான் குறை எது, வெறும் அந்நியம் எது என்று பிரித்துக் கேட்க முடியும். அதற்குமுன் தீர்ப்பு எழுத வேண்டாம்.

புதிதாக ஏதாவது இயற்ற உட்கார்ந்தால், முன்னோர்கள் செய்ததெல்லாம் நினைவுக்கு வந்து கை ஓடவில்லை.

ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹானஸ் பிராம்ஸ் தன் முதல் சிம்பனிக்கான (முழு இசைக்குழு வாசிக்கும் நீண்ட படைப்பு) வேலையை 1850களில் தொடங்கினார். அது அரங்கேறியது 1876ல். பெத்தோவனுக்குப் பிறகு சிம்பனி எழுதுவது என்ற பாரம் அவர் மேல் இருந்தது. நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் ‘குவார்டெட்’ வடிவத்தில் முதல் படைப்பை வெளியிடுவதற்குமுன் இருபது வரை எழுதி அழித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டதும் “பார், எவ்வளவு பொறுப்பு” என்று சிலர் சிலிர்ப்பார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த இருபதில் இரண்டாவது நமக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது, அழித்தாலும் அவர் எழுதி முடித்துத்தான் அழித்தார். நம்மில் பலர் எழுதாமலே மனதுக்குள் அழித்துவிடுகிறோம்.

எழுதும் ஆளையும் எடைபோடும் ஆளையும் ஒரே நேரத்தில் அறைக்குள் விடாதீர்கள். காலையில் மெட்டுப் போடுங்கள், நல்லதா கெட்டதா என்ற கேள்வியே கிடையாது, பதிவு செய்துவிட்டு மூடிவையுங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்துக் கேளுங்கள். அப்போது அது உங்களுடையது என்ற பெருமையும் குறைந்திருக்கும், உங்களுடையது என்ற பயமும் குறைந்திருக்கும், வேறு யாரோ கொண்டுவந்து காட்டியது மாதிரி கேட்க முடியும். இந்த ஒரு பழக்கத்தால் நான் காப்பாற்றிய மெட்டுகள் நிறைய, தயங்காமல் தூக்கிப்போட்ட மெட்டுகளும் நிறைய.

என் படைப்பை ஒருவர் கடுமையாக விமர்சித்துவிட்டார். அதன்பிறகு தொடவே மனம் வரவில்லை.

இதற்கு ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1897ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவருடைய முதல் சிம்பனி அரங்கேறியபோது அவருக்கு 24 வயதுகூட நிறையவில்லை. ஒத்திகை போதவில்லை, வாசிப்பு குழறியது. சீசர் குய் என்ற இசையமைப்பாளர், அவரே பத்திரிகையில் விமர்சனமும் எழுதுகிறவர், ஈவு இரக்கமில்லாமல் கிழித்தார். ரக்மானினோவ் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் உருப்படியாக எதையும் எழுத முடியாமல் தவித்தார். 1900ல் நிக்கோலாய் தால் என்ற மருத்துவரிடம் சிகிச்சைக்குப் போன பிறகு மெல்லத் திரும்பினார். அடுத்த ஆண்டு முழுமையாக அரங்கேறிய இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) அந்த மருத்துவருக்கே காணிக்கையாக்கினார். இன்றும் உலகம் முழுக்க வாசிக்கப்படும் படைப்பு அது.

கதையின் மீதிப் பாதி பலருக்குத் தெரியாது. அந்த முதல் சிம்பனி மறுபடி மேடையேறியது 1945ல்தான், அப்போது அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று அதை இசைக்குழுக்கள் விரும்பி வாசிக்கின்றன. அன்றிரவு அரங்கில் தவறியது எழுத்தா, வாசிப்பா? இரண்டையும் யாரும் அன்று பிரித்துப் பார்க்கவில்லை, அவராலும் முடியவில்லை.

அதனால், விமர்சனம் வந்தால் முதலில் அது எதைச் சொல்கிறது என்று பிரியுங்கள். “நடுப்பகுதி இழுக்கிறது” என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், சொன்னவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும். “உனக்கு எதுக்கு இதெல்லாம்” என்றால் அதில் இசை பற்றிய தகவல் எதுவும் இல்லை, எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பாராட்டையும் இதே சல்லடையில் போடுங்கள். “சூப்பர்” என்று சொன்னவரை விட “அந்த இடத்தில் நீங்கள் நிறுத்தியது என்னை என்னவோ செய்தது” என்று சொன்னவர் உங்களுக்கு அதிகம் கொடுத்திருக்கிறார்.

மாணவர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. எதையாவது சொல்லிச் சமாளித்துவிட்டேன். தப்பா?

தப்புதான். புரிகிறது, அந்த இரண்டு விநாடி மௌனம் தாங்க முடியாதது, ஆசிரியர் என்ற நாற்காலி ஆடுவது போல இருக்கும். நானும் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு தாளக் கணக்கில் தவறான விளக்கம் கொடுத்தேன். தவறு என்று அன்றிரவே தெரிந்தது. மறு வகுப்பில் சொல்லவில்லை, கூச்சம். சில மாதங்கள் கழித்து அதே மாணவர் அதே தவறான விளக்கத்தை இன்னொரு சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அன்றைக்குத்தான் இருவரையும் உட்காரவைத்து, “நான் தவறாகச் சொன்னேன், சரியானது இது” என்றேன். அந்த மாணவர் என்னைக் குறைத்து நினைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் தன் தவறுகளை என்னிடம் மறைப்பதை நிறுத்தினார், இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

“தெரியவில்லை, அடுத்த வகுப்புக்குள் பார்த்துச் சொல்கிறேன்” என்ற ஒரு வரி போதும். சொன்னபடி பார்த்துச் சொல்லவும் வேண்டும்.

என் மாணவர் என்னைவிட நன்றாக வாசிக்கத் தொடங்கிவிட்டார். சந்தோஷப்பட வேண்டியவள், ஆனால் உள்ளே ஏதோ குத்துகிறது. வெட்கமாக இருக்கிறது.

குத்தும். அதை ஒப்புக்கொண்டதற்கே உங்களை மதிக்கிறேன். ஒப்புக்கொள்ளாத ஆசிரியர்கள்தான் ஆபத்தானவர்கள், அவர்கள் அந்தக் குத்தலை வேறு உருவத்தில் வெளியே விடுவார்கள்: புதிய பாடத்தைத் தள்ளிப்போடுவது, வேறு யாரிடமும் போய்க் கற்கக்கூடாது என்பது, “இன்னும் நேரம் வரவில்லை” என்று மேடையை மறுப்பது, தன் பாணியிலேயே அச்சு அசலாக வாசிக்க வைப்பது. இதில் எதையாவது செய்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். உணர்வு வருவது நம் கையில் இல்லை, இவை நம் கையில் இருக்கின்றன.

நாடியா பூலாஞ்சேவை நினைத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் வாழ்ந்த இவர் இசையமைப்பாளராகத்தான் தொடங்கினார். தன் படைப்புகளுக்குத் தகுதி இல்லை என்று அவருக்கே தோன்றியது, 1920களின் தொடக்கத்தில் எழுதுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். தன்மேல் அவ்வளவு கடுமையான தீர்ப்பு எழுதியவர் மாணவர்களிடம் எப்படி இருந்தார் தெரியுமா? அர்ஜென்டினாவின் ஆஸ்டர் பியாசோலா 1954ல் அவரிடம் படிக்க வந்தார். தான் டாங்கோ என்ற நடன இசையை வாசிக்கும் ஆள் என்பதே அவருக்கு அவமானமாக இருந்தது, மறைத்தார். கட்டுக்கட்டாகச் செவ்வியல் படைப்புகளைக் காட்டினார். பூலாஞ்சே அதில் எல்லாம் பிறருடைய சாயல் தெரிகிறது, உன்னைக் காணோம் என்றார். கடைசியில் அவருடைய டாங்கோ ஒன்றை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இதுதான் நீ, இதை விட்டுவிடாதே என்றார். பியாசோலாவே பின்னாளில் சொன்ன கதை இது. அமெரிக்க இசையமைப்பாளர்கள் ஆரன் கோப்லண்டும் குயின்சி ஜோன்ஸும் பூலாஞ்சேயிடம் படித்தவர்கள்தான், இந்த மூவரின் இசைக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பே கிடையாது. அவரிடம் படித்தவர்கள் அவர் மாதிரி ஆகவில்லை, அவரவர் மாதிரி ஆனார்கள்.

உங்கள் மாணவர் உங்களைத் தாண்டிய பிறகும் நீங்கள் தரக்கூடியது ஒன்று இருக்கிறது, அவரை வருடக்கணக்காகக் கேட்டு வந்த உங்கள் காது. அது வேறு யாரிடமும் இல்லை.

கண்டித்து வளர்த்தால்தான் தேறுவார்கள் என்கிறார்களே? பாராட்டினால் தலைக்கனம் வந்துவிடாதா?

திட்டு வாங்கி வளர்ந்த நல்ல கலைஞர்கள் இருக்கிறார்கள். திட்டு வாங்கி வாத்தியத்தை மூடிவைத்தவர்கள் நம் கண்ணில் படுவதில்லை, அதனால் கணக்கு தப்பாகிவிடுகிறது. பயந்த மாணவர் தவறாமல் வாசிக்கப் பார்ப்பார், புதிதாக எதையும் முயல மாட்டார்.

பாராட்டிலும் வகை உண்டு. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998ல் வெளியிட்ட ஆய்வில், சில புதிர்களைச் சரியாகச் செய்த பிள்ளைகளில் சிலரை “நீ புத்திசாலி” என்றும் சிலரை “நன்றாக உழைத்தாய்” என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களில் எல்லாரும் தடுமாறினார்கள். புத்திசாலி என்று கேட்டவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள், அதற்குப் பிறகு எளிய புதிர்களிலும் சறுக்கினார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்கள் விடாமல் முயன்றார்கள். “பிறவி ஞானம்” என்று ஒரு குழந்தையைப் புகழும்போது ஈகோவையும் சந்தேகத்தையும் ஒரே கையால் கொடுக்கிறோம் என்று எனக்குத் தோன்றும்: அந்தப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு திரியவும் வேண்டும், இழந்துவிடுவோமோ என்று பயப்படவும் வேண்டும். நான் சொல்ல முயல்வது, “போன வாரம் இங்கே மூச்சு உடைந்தது, இன்றைக்கு உடையவில்லை, என்ன மாற்றினாய்?” மாணவரே யோசித்துப் பதில் சொல்வார்.

தலைக்கனம் பிடித்த மாணவரை என்ன செய்வது?

மட்டம் தட்டாதீர்கள், சுருங்கிப்போவார் அல்லது இன்னும் விறைப்பார். தவறைக் கேட்கும் காதும் தவறைத் திருத்தும் திறனும் சேர்ந்தேதான் வளரும், காது வளராதவருக்குத் தன் தவறு கேட்காது, அவர் பொய் சொல்லவில்லை. பதிவு செய்து கொடுத்துவிட்டு, “இதைக் கேட்டு நீங்களே மூன்று இடம் குறித்துக்கொண்டு வாருங்கள்” என்று அனுப்புங்கள். அல்லது இன்னொருவருக்குத் துணையாக வாசிக்கச் சொல்லுங்கள். தன் சத்தத்தைக் குறைத்து அடுத்தவருடைய மூச்சைக் கேட்டாக வேண்டிய வேலை அது.

குழுவில் ஆளாளுக்குத் தன் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார்கள்.

எல்லாரும் தங்கள் ஒலியைப் பாதியாகக் குறைத்து ஒருமுறை முழுக்க வாசியுங்கள். அடுத்தவர் கேட்கவில்லை என்றால் நீங்கள்தான் அதிகம். வேறு விவாதம் தேவையில்லை.

சோர்வு வாரக்கணக்கில் நீடிக்கிறது, தூக்கம் இல்லை. இதுவும் சரியாகிவிடுமா?

அது இசைப் பிரச்சினை மட்டும் இல்லை, தயவுசெய்து மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். ரக்மானினோவும் போனார்.

இவ்வளவு எழுதுகிறீர்களே, உங்களுக்கு இந்தச் சந்தேகம் போய்விட்டதா?

போகவில்லை. நேற்றுக்கூட ஒரு மாணவிக்கு மேலே ஏறும் ஒரு இடத்தைப் பாடிக் காட்டப் போய் எனக்கே பிசிறியது. “என்னை என்ன நினைப்பாள்” என்றுதான் முதலில் ஓடியது மனதில். அவள் எதுவும் நினைக்கவில்லை, “இங்கேதான் எனக்கும் பிசிறுகிறது” என்றாள். இருவருமாகப் பாடிப் பார்த்ததில், ஏறுவதற்கு முந்தின ஸ்வரத்திலேயே தாடை இறுகிவிடுவது தெரிந்தது. வியாழக்கிழமை வகுப்பில் அந்த ஸ்வரத்தை மட்டும் எடுத்துப் பார்க்கிறோம்.